லட்சத்தில் பாதி அவர் சொன்னது

ஸ்ரீராமஜெயம் எழுதியவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். தோள்பட்டை வலிக்காதவர்கள் மட்டும் தூக்கினால் போதும். நம் வயதில் யாரையும் கட்டாயப்படுத்துவதற்கில்லை. பரீட்சைக்காக எழுதினோம், காணாமல் போன கன்றுக்குட்டிக்காக எழுதினோம், அக்காவுக்கு வரன் அமைய எழுதினோம். நாற்பது பக்க நோட்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒன்று. பக்கத்தின் கடைசி வரிகளில் ராமர் கோழி கிளறின மாதிரி ஆகிவிடுவார். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் எழுதியது அம்மாவுக்காக. லட்சம் எழுதினால் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவாள் என்று அத்தை சொன்னாள். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. அந்த லட்சத்தில் பாதிக்கு மேல் நான் எழுதியதே இல்லை. ஒரு சர்தார் சொன்னதை எடுத்து என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். திருட்டுத்தான், வேறு பெயர் கிடையாது. இதை இன்றுவரை அவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

காவாந்தண்டலத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஓட்டு வீடு இருந்தது. அம்மாவுக்கு இருமல் வந்து, இருமலில் ரத்தம் வந்து, மெட்ராஸ் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பஸ் ஏறும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றொரு கையால் என்னைத் தள்ளிப் போகச் சொன்னாள். நான் கிட்டே போகாமல் நின்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று எனக்கு அப்போது நல்ல பெயர்.

என் அப்பா உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் மெஷின் பார்க்கிறவர். நைனா என்றுதான் கூப்பிடுவேன். அதுவரை சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தவர், ஐப்பசி முடிகிற சமயத்தில் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு என்னை மில்லுக்கே கூட்டி வந்துவிட்டார். மில் காம்பவுண்டுக்குள், பின்பக்கம், ஒற்றை அறை. சமைத்துப் போடுவதற்கு அத்தை வந்தாள். அத்தைக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வாய் மட்டும் இரண்டு பேருக்கு உண்டு. பள்ளிக்கூடம் என்று கேட்டதற்கு, "அடுத்த வருசம் சேத்துக்கலாம், இப்ப இன்னா அவசரம்?" என்றார் நைனா. படி படி என்று முதுகில் போடுகிற மனிதர் அப்படிச் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரத்துக்குத்தான்.

பிறகுதான் தெரிந்தது, பேச ஆளில்லாத பகல் எவ்வளவு நீளம் என்று. மெஷின் சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அவித்த நெல்லின் வாசனை துணியில், தலைமுடியில், சோற்றில்கூட ஏறியிருக்கும். தவிட்டுத் தூசி புருவத்தில் படிந்து என்னைக் கிழவியாக்கும். களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே போகிற பெண்களில் ஒரு அக்கா மட்டும் என்னைப் பார்த்தால் சிரிப்பாள். சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அது ஏன் என்று விளங்கவில்லை.

விளங்காதது இன்னும் பல. நைனா ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் நாலைந்து நாள் கழித்து வந்தபோது மொட்டை போட்டிருந்தார். மீசையும் இல்லை. "திருத்தணிக்கு வேண்டினு இருந்தேன் கண்ணு" என்றார். நான் மொட்டையைத் தடவி, சொரசொரவென்று இருக்கிறது என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் ஒரு நாள் அத்தை வடை பாயசத்தோடு இலை போட்டு, புதுப் புடவை ஒன்றை வைத்துப் படைத்தாள். யாருக்கு என்றதற்கு, "அமாவாசைக்குடி, தின்னுட்டுப் போ" என்றாள். நான் வடையைத் தின்றுவிட்டுப் போனேன்.

நீல இன்லேண்ட் கடிதம் ஒன்றும் இருந்தது. சில சாயங்காலங்களில் நைனா அதைப் பிரித்து வாசிப்பார். அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டதாம், பால் தருகிறார்களாம், என்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாளாம். நான் கை நீட்டினால் மட்டும், "தொடாத, கிருமி கீது" என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அவர் பையிலேயே இருக்கிற கிருமி அவருக்கு ஒட்டாதா என்று கேட்கிற அளவுக்கு எனக்குப் புத்தியிருந்தது. கேட்கத்தான் இல்லை.

அழுது அழுது அத்தையைப் பேஜார் பண்ணிக்கொண்டிருந்ததால், மார்கழி முதல் தேதி அவள் ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தாள்.

"லச்சம் எழுதுடி. முடிச்சா ஆஞ்சநேயர் கோயில்ல குடுத்துடலாம். உங்கம்மா தன்னால வந்துடுவா."

"பங்குனித் தேருக்குள்ள வந்துடுவாளா?"

"நீ எழுதுறதுல கீது."

நாளைக்கு முந்நூறு எழுதினேன். நடுவிரலில் பென்சில் பட்ட இடம் காய்த்துப் போனது. ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்தில் லட்சம் முடிய வருஷம் ஓடிவிடும். அன்று அத்தைக்குத் தெரியாமல் உமி மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

பொங்கல் கழிந்ததும் அரிசி ஏற்ற வந்த ஒரு லாரி மில் களத்து ஓரத்திலேயே படுத்துவிட்டது. கியர் பாக்ஸ் உடைந்துபோயிற்று. லோடை வேறு லாரிக்கு மாற்றி அனுப்பினார்கள். கிளீனர், சாமான் வாங்கி வருகிறேன் என்று மெட்ராஸ் போனான்; சாமான் வடக்கேயிருந்து வர வேண்டும் என்று தகவல் வந்ததே தவிர அவன் வரவில்லை. லாரியோடு தங்கினவர் டிரைவர் மட்டும்தான். சர்தார். நெஞ்சு வரை தாடி, பாதி நரைத்தது. நான் தாடி மாமா என்று பெயர் வைத்தேன். ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவர்கள்கூட வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர் கிணற்றடியில் குளித்துவிட்டுத் தலைமுடியை அவிழ்த்து விட்டால் இடுப்பு வரை வரும். அத்தைக்கே அத்தனை முடி கிடையாது, அதில் அவளுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். சின்ன மரச் சீப்பால் சீவி, உச்சியில் முடிந்து, தலைப்பாகைத் துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றுவார். கையில் இரும்பு வளையம். மூன்று கல் வைத்து ரொட்டி சுட்டால், களத்தில் வேலை செய்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஒரே வரிசையில் உட்காரவைத்துக் கொடுப்பார். சேரியிலிருந்து வருகிற அந்த அக்கா தள்ளி உட்கார்ந்தால், எழுந்து போய்க் கூட்டி வந்து வரிசையின் நடுவில் உட்காரவைப்பார். அத்தை இதைக் கண்டு முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

நைனாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மெஷின் நின்றதும் இரண்டு பேரும் லாரிக்கு அடியில் படுத்து எதையாவது கழற்றிக்கொண்டு இருப்பார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் வெளியே வரும். மெட்ராஸ் லாரி ஆபீஸ்களில் கற்றுக்கொண்ட தமிழ் அவருக்கு. நைனா அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. என்ன பேசினார் என்பது பிற்பாடு தெரிந்தது.

விடியுமுன்னே நெல் அவிக்க நைனா எழுந்து போவார். அத்தை தூங்குவாள். எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். அப்படி ஒரு நாள் வெளியே வந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தாடி மாமா குளித்து முடித்து, லாரிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டுக் கண்ணை மூடியிருந்தார். மூச்சை உள்ளே இழுக்கும்போது 'வாஹே', விடும்போது 'குரு'. வாஹே, குரு. வாஹே, குரு. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அலுக்காமல், தடுக்காமல், கிணற்று ஏற்றம் போல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கிழக்கு வெளுக்கிற வரை நிற்கவில்லை.

அவருக்கும் லட்சம் கணக்கு ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? எனக்குத் தெரிந்த சாமி காரியம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கண்ணைத் திறக்காமலே, "பாப்பா, பனி கீது. சாக்கு எடுத்துப் போத்திக்கோ" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடவில்லை. சாக்கைப் போர்த்திக்கொண்டு கிட்டே போய் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கி எத்தினி ஆச்சி மாமா?"

"எது?"

"நீ சொல்றது."

"கணக்கு இல்லே பாப்பா. மூச்சுக்கு யாரு கணக்கு வெக்கிறாங்க?"

"கணக்கு இல்லேன்னா சாமிக்கி எப்டித் தெரியும்? எப்டிக் குடுக்கும்?"

அவர் சிரித்தார். தாடி தனியாகச் சிரித்தது. "கேக்கிறதுக்கு இல்லே. மறந்து போவாம இருக்கிறதுக்கு."

"யார?"

விரலால் மேலே காட்டினார். பிறகு அதே விரலால் தன் நெஞ்சைக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் பளிச்சென்று புரிந்தது. இந்த மனிதர் தினமும் ஆயிரக்கணக்கில் சொல்கிறார், கணக்கு வைப்பதில்லை, பதிலுக்கு எதுவும் கேட்பதுமில்லை. கேட்பாரில்லாத ஆயிரங்கள். அறுப்பு முடிந்த கழனியில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கினால் யாரும் திட்ட மாட்டார்கள் இல்லையா? அதே நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து பாவாடை மடியில் புளியங்கொட்டைகளோடு போனேன். விரல் விட்டு எண்ணுவேன். நூறு ஆனால் ஒரு கொட்டையைத் தரையில் வைப்பேன். விடிவதற்குள் பதினைந்து கொட்டை வரும். வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். வேறு பெயர் ஆயிற்றே, ராமர் ஒத்துக்கொள்வாரா என்று முதலில் பயம் இருந்தது. அம்மா முக்கியமா, பெயர் முக்கியமா என்று கேட்டால் ராமரே அம்மா என்றுதான் சொல்வார் என்று முடிவு செய்தேன்.

அந்த ஒரு மாதம்தான் அந்த வருஷத்தில் நான் தனியாக இல்லாதது. அவர் சொல்வார், நான் எண்ணுவேன். பேச்சே இருக்காது. விடிந்ததும் பித்தளை டம்ளரில் பால் நிறைய ஊற்றின டீ தருவார். இப்போதும் ஏலக்காய் போட்ட டீ எங்காவது குடித்தால் எனக்கு அந்தச் சாக்கின் சணல் வாசனைதான் வருகிறது.

மாசி முடியப் போயிற்று. பங்குனிக்குள் முடியாது போலிருந்தது. பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"மாமா, கொஞ்சம் வெரசா சொல்றியா? இன்னும் இருவதாயிரம் கீது."

அவர் கண்ணைத் திறந்தார். தரையில் இருந்த கொட்டைகளைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, லட்சம், அம்மா, பங்குனி. "நீ சொல்றதயும் சேத்துகினேன். கோச்சிக்காத மாமா. முடிஞ்சா எங்கம்மா வந்துடுவாங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்து, தாடிக்குள் இறங்கியது. பெரியவர்கள் அழுவதை நான் அதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததில்லை. என் திருட்டினால்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் லாரிக்கு அடியிலிருந்து நைனாவின் குரல் உயர்ந்து கேட்டது. இரண்டு பேரும் வெளியே வந்து நின்றார்கள். தாடி மாமா மெதுவாகத்தான் பேசினார், எனக்குக் கேட்கவில்லை. நைனா கத்தினது கேட்டது.

"எம் பொண்ணு அவ. எனக்குத் தெரியும். நீ இன்னா நடுவுல? உன் வேலய பாத்துகினு போ!"

திருட்டு நைனா வரை போய்விட்டது என்று நினைத்தேன். அறைக்குள் ஓடும்போது மடியிலிருந்த கொட்டைகள் அத்தை காலடியில் சிதறின.

"இது ஏதுடி? எங்கேந்து கொண்டாந்த?"

வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எண்ணினதெல்லாம் செல்லாது என்று சொல்லிவிடுவாள். ஐம்பதாயிரத்துக்கு மேல் போய்விடும், அம்மா போய்விடுவாள். அத்தை விடிகாலையில் நான் அவரோடு உட்கார்ந்ததைக் கண்டுபிடித்தாள், கொட்டையைக் கண்டுபிடித்தாள், மிச்சத்தைத் தானே செய்துகொண்டாள். "ஏதோ மந்திரம் ஓதிகினு கீறான்னு அப்பவே நெனச்சேன். கொயந்தய வசியம் பண்ணிட்டான்!" மில் முழுக்கப் பரவ அரை மணி ஆகவில்லை. கோயில் பூசாரி வந்து வேப்பிலையால் என் முகத்தில் அடித்தார். நான் ஊமை போல உட்கார்ந்திருந்ததே போதுமான அத்தாட்சியாக இருந்தது.

நைனா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்பனும் மகளும் ஆளுக்கொரு காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டோம்.

மறுநாள் முதலாளி வந்து, வண்டியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். வேறொரு லாரியில் சங்கிலி கட்டிச் செங்கல்பட்டுக்கு இழுத்துப் போனார்கள். ரொட்டி வாங்கித் தின்றவர்கள் எல்லாம் தூரத்தில் நின்றார்கள். களத்து அக்கா மட்டும் வண்டிக்குக் கிட்டே போய்க் கும்பிட்டாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. வண்டி ஏரிக்கரை திரும்புகிற வரை எண்ணினேன். வெட்கமில்லாமல் அதையும் சேர்த்துக்கொண்டேன். பதினொன்று.

அன்று சாயங்காலம் அவர் நைனாவிடம் சொன்னது என்ன என்று, என் கல்யாணத்துக்கு வந்த களத்து அக்கா சொல்லித்தான் தெரிந்தது. பக்கத்தில் நெல் கூட்டிக்கொண்டிருந்தாளாம். "'பச்சப் புள்ள கிட்ட பொய் வேணாம் மிஸ்திரி. அம்மா செத்துட்டான்னு சொல்லிடு. அழட்டும். நானும் கூட உக்காந்து அழறேன்'னு சொன்னாருடி அந்த மனுசன்." நான் முதல் ராமஜெயம் எழுதும்போதே அம்மா போய்விட்டிருந்தாள். மொட்டை திருத்தணிக்கு இல்லை, கொள்ளி வைத்ததற்கு. படைத்த புடவை அம்மாவுக்கு. நான் தின்ற வடை அம்மாவின் காரியத்து வடை.

ஆனால் அக்கா சொல்வதற்கு வெகு நாள் முன்பே, அந்தப் பங்குனியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மிச்ச இருபதாயிரத்தைக் கை வீங்க வீங்க எழுதினேன். முன்பு எண்ணிக்கொண்டிருந்த விடிகாலையும் இப்போது எழுதத்தான். சோறு தின்கிற நேரத்தில்கூட எழுதினேன். பங்குனி தேர் பார்க்க எல்லோரும் போயிருந்த ஒரு பகலில் கடைசிக் கட்டம் நிறைந்தது. நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு மெஷின் அறைக்கு ஓடினேன். மெஷின் நின்றிருந்தது. நைனா தனியாக உட்கார்ந்து பெல்ட்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, லச்சம் ஆயிடிச்சி. அம்மாவ கூட்டினு வா."

அவர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் விரலைப் பிடித்து அந்தக் காய்ப்பைத் தடவினார். சொல்லப் போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு, சொன்னார்.

"இன்னொரு லச்சம் எழுதுறியா கண்ணு?"

அப்போது தெரிந்துவிட்டது. லட்சம் போதாது என்று அவர் சொல்லவில்லை. கெஞ்சினார். எந்த அப்பனும் ஒன்பது வயதுப் பெண்ணிடம் அப்படிக் கெஞ்ச மாட்டான். எனக்கு அழக்கூட வரவில்லை. அவர் பயந்துபோயிருந்தார், என்னைக் கண்டு.

"சரி நைனா" என்றேன்.

புது நோட்டு வாங்கி வந்தார். அவர் பார்க்கும்போது மட்டும் எழுதினேன். ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், நோட்டு நின்றது, ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. இன்லேண்ட் வாசிப்பதும் நின்றது. அதையும் நான் கேட்கவில்லை. நைனா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடைசி வரை அவர் சொல்லவில்லை, நான் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. அவர் பெட்டியை மூன்று முறை கவிழ்த்துத் தேடினேன். அந்த நீலக் கடிதம் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை, ஒரு தேதி இல்லை.

அம்மா இறந்த நாள் எனக்குத் தெரியாது. உங்களுக்கெல்லாம் அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்க வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறது. எனக்கு எந்த நாள் என்று தெரியாததால் ஒரு நாளையும் விட முடியவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்கிறேன். மூச்சு உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. அவர் சொன்ன சொல்தான், எனக்கு வேறு தெரியாது. பஸ் படியில் முந்தானையால் வாயைப் பொத்தின முகம் வருகிறது. தள்ளிப் போ என்கிற கை வருகிறது. நான் இப்போது தள்ளிப் போவதில்லை. எத்தனை ஆயிற்று என்று எண்ணுவதுமில்லை.